உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த அறை

சென்னையில் பயிற்சி முடிந்து திரும்பிய ரயிலில் உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. கதவோரம் நின்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அரக்கோணம் தாண்டுவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. தனி அறை. கனமான திரை. காகித உறைகள், பிளாஸ்டிக் கூடாது. மாற்று உடைகள். குடிக்க நல்ல தண்ணீர். காட்பாடியில் ஏறிய ஓர் அம்மா என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரீட்சைக்குப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பயிற்சி. பல வருடம் நர்ஸாக வேலை செய்தவள் நான். பிரசவம், விபத்து, தீக்காயம், பூச்சிமருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. முதல் நாள் வகுப்பெடுத்தவர், "வர்றவங்ககிட்ட நீங்க கேக்கற முதல் கேள்வி என்ன?" என்றார். "என்ன நடந்தது?" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். "இல்ல. எங்கயாவது வலிக்குதா? இப்ப இங்க பயமா இருக்கா? இதுதான் முதல்ல" என்றார். அதை நோட்டில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு வேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொரு ஆஸ்பத்திரியில், காய்ச்சல்காரர்கள் நிறைந்த வராந்தா பெஞ்சில் ஓர் இளம்பெண் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கூப்பிடச் சொன்னார். நான் கையில் காகிதத்தோடு வெளியே வந்து, "அந்த ரேப் கேஸ் எங்கப்பா?" என்று கத்தினேன். பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு ஃபைல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. ஒரு மாத்திரைகூட வாங்காமல் போய்விட்டாள். என்னை யாரும் திட்டவில்லை. அது தப்பு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்ற இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே ஊருக்கு வந்த மறுநாளே நர்சிங் சூப்பரிண்டெண்ட் முன்னால் போய் நின்றேன். எங்களுடையது தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் சூழ்ந்த ஊரின் அரசு ஆஸ்பத்திரி. மேடம் ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருந்தது. புதிதாக எதைச் சொன்னாலும் முதலில் "வேணாம்" என்பார். நான் பட்டியலை நீட்டினேன்.

"இன்னாம்மா இது, கல்யாணச் சீர் மாதிரி?"

"ரூம் ஒண்ணு வேணும் மேடம். பின்னாடி அந்த ஒடஞ்ச வீல்சேர் எல்லாம் போட்டு வெச்சிருக்கற ரூம் போதும்."

"அதுல எலி ஜாஸ்தி."

"எலிய நான் பாத்துக்கறேன் மேடம்."

எலியை நான் பார்த்துக்கொள்ளவில்லை. துப்புரவு வேலை பார்த்த அக்காதான் பார்த்துக்கொண்டார். விரிஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். வீல்சேர்களை வெளியே தள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஜன்னல் கம்பியில் இருந்த துருவைக்கூடச் சுரண்டி எடுத்தார். பரிசோதனைக் கட்டிலைக் கதவைப் பார்க்கிற மாதிரி போட்டிருந்தேன். அவர் அதில் படுத்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இப்டி படுத்தா கதவு தொறக்கும்போது எல்லாந் தெரியும். தலமாட்ட மாத்துங்க" என்றார். பயிற்சியில்கூட யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. மாற்றிப் போட்டோம்.

பெரிய சண்டை தாழ்ப்பாளுக்குத்தான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரி ரூமுக்கு உள்ள யாராவது தாப்பா வெப்பாங்களா? உள்ள மயக்கம் போட்டுட்டா இன்னா பண்ணுவ?"

"மேடம், அடைச்ச இடத்துல மாட்டிக்கிட்டு வந்திருப்பாங்க. இந்தக் கதவ அவங்களே பூட்டணும், அவங்களே தொறக்கணும்."

மேடம் என் பட்டியலை மடித்து மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு தச்சர் வந்தார். உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி போட்டால் திறக்கும் பூட்டு ஒன்றை மாட்டினார். அந்தச் சாவியை மேடம் தன் கொத்தில் கோத்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு பெரிய துணிப்பையை மேசைமேல் வைத்தார். உள்ளே புது நைட்டிகள், சுடிதார்கள், உள்ளாடைகள், மூன்று அளவுகளில். போட்டு வந்த துணியைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் அந்தப் பெண் வீட்டுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவாள் என்று என் பட்டியலில் எழுதியிருந்தேன். அவர் அதுவரை படித்திருக்கிறார்! நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "போய் வேலயப் பாரு" என்றார்.

வாசலில் என்ன போர்டு வைப்பது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னோம். துப்புரவு அக்காதான், "போர்டு வெச்சா உள்ள போறவங்கள எல்லாரும் பாப்பாங்க. நம்பர் போதும்" என்றார். பதினொன்று என்று எழுதினோம். அவ்வளவுதான்.

பிறகு மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. தினமும் காலையில் அறையைத் திறந்து, உறைகளை எண்ணி, மருந்துகளின் தேதி பார்த்து, மூடுவேன். மாமியாருக்குப் பணிவிடை செய்கிறவள் மாதிரி நான் தினமும் போவதைப் பார்த்து, மற்ற நர்ஸுகள், "உன் மாமியார் ரூம் எப்படி இருக்கு?" என்று கிண்டல் செய்வார்கள்.

ஒரு காலை பத்தரை மணிக்கு ஷூ கம்பெனி ஏப்ரனோடு இரண்டு பெண்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். ஒருத்திக்கு முப்பதுக்குள் இருக்கும். இன்னொருத்தி நாலைந்து வயது மூத்தவள். இளையவளின் முழங்கையைப் பிடித்திருந்தாள். "இவளுக்குத் தலசுத்தல் சிஸ்டர்" என்று மூத்தவள் உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு என் கண்ணையே பார்த்தாள். தலைசுற்றலுக்கு யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். இளையவளின் சட்டைக் கழுத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அதன் கீழே துணி கிழிந்திருந்தது.

"உள்ள போய்ப் பேசலாமா?" என்றேன். இரண்டு பேரையும் பதினொன்றாம் அறைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே போனதும், "இந்தக் கதவ நீங்களே பூட்டிக்கலாம்" என்று பூட்டின் திருகைக் காட்டினேன். இளையவள் அதைத் திருகினாள். திறந்தாள். மறுபடியும் திருகினாள். அவள் கையை எடுக்கும்வரை காத்திருந்தேன்.

"எங்கயாவது வலிக்குதா? இப்ப இங்க பயமா இருக்கா?"

"இங்க இல்ல" என்றாள்.

நடந்ததை அவள் சொன்ன அளவுக்கே எழுதுகிறேன். கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு விடியற்காலையில் நடந்து போகிற வழியில், தெரிந்த ஆள் ஒருவன். வேனை விட்டால் அன்றைய வருகை போய்விடும் என்று, ஊக்கைக் குத்திக்கொண்டு வேனில் ஏறி வேலைக்கும் போயிருக்கிறாள். மெஷினில் நூல் கோக்க முடியவில்லை. நான்கு தடவை ஊசிக் கண்ணைத் தவறவிட்டதைப் பக்கத்து மெஷின்காரி பார்த்திருக்கிறாள். அவள்தான் இந்த மூத்தவள். "இவ கண்ண மூடிட்டு நூல் கோப்பா சிஸ்டர். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

அவளை அடையாளம் காட்டக்கூடியவை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர். ஆனா அழுவுற மாதிரி எழுதாதீங்க" என்றாள்.

டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. என்னைத் தனியே இழுத்து, "எனக்குப் புத்தகத்துல படிச்சதுதான் தெரியும் சிஸ்டர்" என்று கிசுகிசுத்தார்.

"எனக்கும் பொம்மைமேல செஞ்சதுதான் டாக்டர். ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளாயிடுவோம்" என்றேன்.

அவளுக்கு எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். போலீஸுக்குத் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை. ஆனால் அவள் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் முடிவு. எப்படி முடிவெடுத்தாலும் வைத்தியம் உண்டு. பரிசோதனையில் எதற்கு வேண்டுமானாலும் சம்மதிக்கலாம், எதை வேண்டுமானாலும் மறுக்கலாம். "நடுவுல நிறுத்துன்னு சொன்னா, அந்த எடத்துலயே நிறுத்திடுவோம்."

டாக்டர் கையுறை மாட்டி அவள் தோளைத் தொட்டார். உடனே, "நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினோம். இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனோம். நான் கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து அவளாகவே, "சரி" என்றாள். டாக்டர் கையிலிருந்த கீறலைப் பார்க்கத் தொடங்கினார். "நிறுத்துங்க." மறுபடி பின்னால் போனோம். மறுபடி நேரம் எழுதினேன். மூன்றாவது தடவை, டாக்டர் பக்கத்தில் வருவதற்கு முன்பே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களை அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் எத்தனை தடவை சொல்லி ஒருவன் கேட்கவில்லையோ, அந்த வார்த்தை இங்கே வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை செய்தது. மூன்று தடவையும் வேலை செய்தது! எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நேரத்தை எழுதினேன்.

"இப்ப பண்ணுங்க" என்றாள். அதன்பிறகு ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை.

முகம் கழுவியிருந்தாள், கையையும் கழுவியிருந்தாள். ஆனால் அதற்கு முன்பே, அன்று காலை கம்பெனியில் பட்ட சொல்யூஷன் பசை நகத்தடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்குள் என்ன சிக்கியிருக்கிறதோ தெரியாது. ஒவ்வொரு விரலாக நகத்தை வெட்டி, தனித்தனிக் காகித உறையில் போட்டு, எந்தக் கை எந்த விரல் என்று எழுதி ஒட்டினோம். டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் மறந்ததை அவர் நினைவுபடுத்தினார், அவர் தயங்கிய இடத்தில் நான் நோட்டைப் புரட்டினேன். கர்ப்பம் தங்காமல் இருக்க மாத்திரை, ஊசிகள், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் இருபத்தெட்டு நாள் மாத்திரை எல்லாம் வரிசையாக. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மாத்திரை அது. அவள் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிட்டாள்.

துணி மாற்றுகிற நேரம் வந்தது. அலமாரியைத் திறந்து, "எது வேணும்?" என்றேன். அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கிளிப்பச்சை சுடிதார் ஒன்றை எடுத்து, தையலைத் திருப்பிப் பார்த்து, "தையல் சுமார்தான்" என்றாள். அவள் தோழி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்தது தப்போ என்று பயந்து அவளைப் பார்த்தேன். அவள் உதட்டிலும் லேசாக இருந்தது.

துப்புரவு அக்கா டீ கொண்டுவந்தார். பாதி டீ குடித்த பிறகு அவளாகவே சொன்னாள். "போலீஸ வரச் சொல்லுங்க. ஆம்பள போலீஸ் வேணாம்."

மகளிர் ஸ்டேஷனிலிருந்து பெண் எஸ்.ஐ. வந்தார். யூனிஃபார்ம் போடாமல் வந்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாத்திரையை வீட்டில் வைக்க முடியாது என்றாள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் இருந்த மற்றவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். தோழி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "தெனம் டீ பெல் அடிக்கும்போது நான் குடுக்கறேன். எம் முன்னாடி முழுங்கணும்." ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? இரண்டு தெரு தள்ளித்தான் வீடாம். இருபத்தெட்டு நாளும் ஒன்றுகூடத் தவறவில்லை. மறு பரிசோதனைக்கு வந்த நாள்களில் தோழிதான் முதலில் உள்ளே வந்து, "குடுத்துட்டேன் சிஸ்டர்" என்று எனக்குக் கணக்கு ஒப்பிப்பாள். கணவரிடம் அவளே ஃபோனில் சொன்னாள். அவர் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டார். அடுத்த தடவை வந்தபோது மூன்று பேராக வந்தார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் நல்லபடியாக இருந்தது. ஆனாலும் அந்த வழியாக அவள் நடந்து போவதில்லை. வேன் டிரைவரிடம் பேசி, நிறுத்தத்தைத் தோழி வீட்டு வாசலுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எனக்கும் டாக்டருக்கும் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கோர்ட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததே இல்லை. புடவையை இரண்டு தடவை மாற்றினேன். வேலூர் பஸ்ஸில் டாக்டரும் நானும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டே போனோம். முன்சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. டாக்டர் முதலில் சாட்சி சொன்னார். பிறகு நான் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத்தான் பேசினார்.

"ஒரு பரிசோதனைக்கு இவ்ளோ நேரம் ஏம்மா? நடுவுல நடுவுல இடைவெளி இருக்கே. அப்ப என்ன செஞ்சீங்க? சொல்லிக் குடுத்துட்டு இருந்தீங்களா?"

"அவங்க மூணு தடவ நிறுத்தச் சொன்னாங்க சார். நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் எத்தன மணிக்கு நிறுத்தினோம், எத்தன மணிக்கு மறுபடி ஆரம்பிச்சோம்னு எழுதியிருக்கு."

நீதிபதி, நடுவயதுப் பெண்மணி, காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் பார்த்தார்.

வக்கீல் அடுத்ததற்குப் போனார். "அந்தப் பொண்ணு வேலை செய்யறது தோல் கம்பெனி. நகத்துல இருந்தது மாட்டுத் தோலா மனுஷத் தோலான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது சார்."

அவர் முகம் மலர்ந்தது. நான் இன்னும் முடிக்கவில்லை.

"அதக் கண்டுபிடிக்கறது லேப் வேல சார். எந்தக் கை, எந்த விரல், எந்தக் கவர்னு மாறாம எடுத்து, சீல் வெச்சு, கையெழுத்து வாங்கிக் குடுக்கறது எங்க வேல. அத சரியா பண்ணியிருக்கோம்."

லேப் அறிக்கை ஏற்கெனவே நீதிபதி முன்னால் இருந்தது. வலது கை நடுவிரல் நகத்தில் இருந்தது யாருடையது என்பதும் அதில் இருந்தது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கூண்டிலிருந்து நிதானமாக இறங்கினேன். ஆனால் வெளியே வந்ததும் டாக்டரும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். ஒரு போலீஸ்காரர் எங்களை முறைத்தார்.

தீர்ப்பு வந்த நாளில் நான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். எஸ்.ஐ. ஃபோன் செய்து, "தண்டனை ஆயிடுச்சு சிஸ்டர்" என்றார். வரிசை முடியும் வரை பொறுத்துக்கொண்டேன். எந்தக் குழந்தைக்கும் அன்று வலித்திருக்காது என்று நினைக்கிறேன், அவ்வளவு செல்லம் கொஞ்சினேன். பிறகு சூப்பரிண்டெண்ட் அறைக்கு ஓடினேன். மேடம் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ரூம்ல ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னியே. எழுதிக் குடு, மாத்திடலாம்" என்றார். அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணே ஃபோனில் பேசினாள். "சிஸ்டர், நாளைக்கு லீவு சொல்லிட்டேன். தூங்கப் போறேன்." அவன் மேல்முறையீட்டுக்குப் போயிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அது நடக்கட்டும்.

தோழிக்கு அதோடு திருப்தி இல்லை. கம்பெனியில் பேசி, மதிய இடைவேளையில் என்னைப் பேசக் கூப்பிட வைத்தாள். நோட்டீஸ் பலகையில் 'பெண்கள் உடல்நலம்' என்று போட்டிருந்தார்கள். சாப்பாட்டு ஹாலில் மேல்விஷாரத்துப் பர்தாக்களும் கிராமத்துப் பின்னல்களுமாக நூற்றுக்கணக்கான பெண்கள். ஓரத்தில் நாலு ஆண் சூப்பர்வைசர்கள். தோழி நேராகப் போய், "சார், கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா? பொம்பளைங்க சமாச்சாரம்" என்றாள். போய்விட்டார்கள்!

பத்து நிமிடம் பேசுவதாக இருந்தேன். கேள்விகள் கொட்ட ஆரம்பித்தன. குளிச்சுட்டா வரலாமா? வரலாம். துணியத் தொவச்சுட்டா? அப்பவும் வாங்க. எழுபத்திரண்டு மணி நேரம்னா எப்பலேந்து? நடந்த நேரத்துலேந்து, தாண்டிட்டாலும் வாங்க, மத்த வைத்தியம் இருக்கு. ஆதார் கேப்பீங்களா? கூட ஆம்பள வரணுமா? எங்க வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா? என் தொண்டை கட்டிக்கொண்டது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். நான் நாற்காலிமேல் ஏறி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்றே தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பச் சங்கு ஊதியது. பெண்கள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், கையில் கத்தரித்த தோல் துண்டுகளின் சாயம் படிந்திருக்க, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீட்டுக்குள்ளயே நடந்தா, சிஸ்டர்? கட்டுனவன்னா? அப்பவும் வரலாமா?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"வரலாங்க்கா. எப்ப வேணா வரலாம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான் டியூட்டிக்கு வந்தபோது, கம்பெனி ஏப்ரனை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். நான் பையைக்கூட எங்கும் வைக்கவில்லை. "வாங்கக்கா" என்று பதினொன்றாம் அறைக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.